அச்சுப் புத்தகத்தை போனுக்கு மாற்றுகிறேன், பாட வரிசையை உடைக்கலாமா?

மூலத்தறை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். 2012-ல் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்காக வெப் புரோகிராமிங் புத்தகம் ஒன்றை தமிழில் எழுதி பொள்ளாச்சியில் கொடுத்து அச்சடித்தேன். 24 பாடம், 312 பக்கம். பக்கத்தைக் கட்டுகிற ஹெச்டிஎம்எல் 7 பாடம், அதை அழகுபடுத்துகிற சிஎஸ்எஸ் 5, பக்கத்தை வேலை செய்யவைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் 5, சர்வரில் ஓடுகிற பிஹெச்பி 4, தகவலைச் சேமிக்கிற மைஎஸ்கியூஎல் 3 என்று அடுக்கியிருந்தேன். பிரதி தீர்ந்து ரொம்ப நாளாயிற்று. இப்போது வருகிறவர்கள் எல்லாரும் போனில் படிக்கக் கொடுங்கள் என்கிறார்கள்.

முதலில் பிடிஎஃப் கொடுத்தேன். ஒரு வரி படிக்க இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை தள்ள வேண்டியிருந்தது, ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அப்புறம் அதே வரிசையில் இபப் என்கிற மின்னூல் கோப்பாக ஆக்கி 11 பேருக்கு அனுப்பினேன். எழுத்து திரைக்கு ஏற்ற மாதிரி மடங்கிக்கொண்டது, படிக்க நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து எங்கே நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டால், 6-ஆம் பாடத்தைத் தாண்டினவர் ஒருத்தர்கூட இல்லை.

வகுப்பில் இப்படி ஆனதே இல்லையே என்று நாலைந்து நாள் மண்டையைக் குடைந்ததில் ஒன்று பிடிபட்டது. வகுப்பில் நான் ஒருநாளும் புத்தக வரிசையில் நடத்தியதில்லை. படிவம் சொல்லித்தரும் அன்றைக்கே 14-ஆம் பாடத்தைத் திறக்கச் சொல்லி கணக்குப் போடுகிற துண்டைக் காட்டுவேன், நிறம் கேட்கிற பிள்ளைக்கு 9-ஐ எடுத்துக் கொடுப்பேன். புத்தகத்துக்குள் தாவுகிற வேலையை நான்தான் செய்திருக்கிறேன். போனில் தனியாகப் படிக்கிறவருக்குப் பக்கத்தில் நான் இல்லை.

புத்தகம் முழுவதற்கும் ஒரே உதாரணம்தான், பால் சொசைட்டி நோட்டு. உறுப்பினர் பெயர், காலை லிட்டர், மாலை லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு போகப் பாலில் இருக்கிற திடப்பொருள்), விலை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது, காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு போய் சீட்டு வாங்கி வருகிற பிள்ளைகள் என்பதால் அந்த நோட்டை விளக்கவே வேண்டாம். ஆனால் அதன் படிவம் 5-ல் இருக்கிறது, அழகுபடுத்துவது 10-ல், கூட்டிச் சொல்வது 14-ல், சேமிப்பது 23-ல். 6-ல் நிற்கிற பிள்ளைக்கு எதையும் கூட்டாத, எதையும் சேமிக்காத ஒரு வெறும் படிவம்தான் கையில் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். மொழிவாரியாக இருக்கிற இந்த 24 பாடத்தை உடைத்து, ஒரு பாடம் முடிந்தால் ஒரு வேலை முடிகிற மாதிரி மாற்றி அடுக்கலாமா? அப்படி அடுக்கினால் முதல் பாடத்திலேயே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்று மொழியும் வந்துவிடும், பயந்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. அப்புறம், பழசாகிப்போனதை எல்லாம் என்ன செய்வது? ஃபிளாஷ் வீடியோ போடுவது என்று ஒரு பாடமே இருக்கிறது, 2020 டிசம்பர் 31-ஓடு அது முடிந்த கதை. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கென்று தனியாக எழுதிய 9 பக்கம் இருக்கிறது, 2022 ஜூன் 15-ல் அதற்கும் ஆதரவு நின்றது. பிஹெச்பியில் மைஎஸ்கியூஎல்லைத் தொட அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த பழைய கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7-லேயே எடுக்கப்பட்டுவிட்டன. வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நகரி தறி:

அண்ணா, தாராளமாக உடையுங்கள். நான் இப்படித்தான் படித்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு நகரியில் பவர்லூம். தறி ஓடும்போது போனைக் கையில் எடுக்க முடியாது, நூல் அறுந்தால் உடனே பார்க்க வேண்டும். கரெண்ட் போனால்தான் படிப்பு. சில நாள் கால் மணி நேரம் கிடைக்கும், சில நாள் ஒரு மணி நேரம். கரெண்ட் வந்ததும் எந்த வரியில் இருந்தேனோ அந்த வரியில் மூடி வைப்பேன். மறுநாள் திறந்தால் "முன்பு பார்த்த உதாரணத்தில்" என்று இருக்கும், எந்த உதாரணம் என்று தேடவே பாதி நேரம் போய்விடும். அச்சுப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு முன்பக்கம் புரட்டலாம், போனில் விரல் வைக்க இடமில்லை. அந்தப் பாடத்துக்கு வேண்டியது அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே காட்டிய நிரல் என்றாலும் மறுபடி முழுதாகப் போடுங்கள், காகிதச் செலவா ஆகப்போகிறது?

இன்னொன்று. நான் பள்ளியில் படித்தது தெலுங்கு, தமிழ் வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது. பேசுவதில் குறையில்லை, படிப்பது மெதுவாகத்தான் வரும். உங்கள் ஊரில் மலையாளம் மீடியத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். திரை முழுக்க ஒரே பத்தியாக நின்றால் எங்களுக்கு மூச்சு முட்டும். நாலு வரிக்கு ஒருமுறை ஏதாவது செய்யச் சொல்லுங்கள், செய்து பார்த்துவிட்டு அடுத்த நாலு வரிக்கு வருவோம்.

மூன்று மொழியும் முதலிலேயே வந்தால் பயப்படுவார்களா என்றால், எனக்கு அப்படி இல்லை. பெயரை அடித்ததும் "வாங்க" என்று பெயரோடு எழுத்து வந்த அன்றைக்குத்தான் இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையே வந்தது. அந்த மூன்று வரி என்ன மொழி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செங்கோட்டைக்காரன்:

நகரி நண்பர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் இதில் மாறுபடுகிறேன் சார். என் வேலை கொல்லத்தில், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. வேலைவாரியாக மட்டுமே படித்து வந்தவர்களிடம் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செய்து காட்டியதைச் செய்வார்கள், உடைந்தால் சரிசெய்யத் தெரியாது.

போன மாதம் ஒரு பையன் படிவம் செய்தான். பார்க்க அருமையாக இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் சர்வருக்கு எதுவுமே போகவில்லை. இரண்டு நாளாக பிஹெச்பியில் தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஐடி கொடுத்திருந்தான், நேம் கொடுக்கவில்லை. நேம் இல்லாத பெட்டியை பிரவுசர் அனுப்பாது, அவ்வளவுதான் விஷயம். படிவத்தைப் பற்றி ஒரு முழுப் பாடத்தை நிதானமாகப் படித்திருந்தால் ஐடி பக்கத்துக்குள் அடையாளம் காட்ட, நேம் வெளியே அனுப்ப என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் படித்த இடத்தில் நிரலை மட்டும் காட்டி அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

சிஎஸ்எஸ்ஸும் அப்படித்தான். இரண்டு விதி மோதினால் எது ஜெயிக்கும் என்பதை ஒரே இடத்தில் உட்கார்ந்து படித்தால்தான் மண்டையில் ஏறும். பத்து பாடத்தில் துளித் துளியாகச் சொன்னால் பத்து மந்திரமாக மனப்பாடம் ஆகும். எழுத்துகளை எண்ணுவது இன்னொன்று. பெயருக்கு 20 எழுத்துதான் இடம் என்று படிவத்தில் கட்டுப்பாடு வைக்கிறோம். "தமிழ்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது, பிஹெச்பியின் பழைய கணக்கு 15 என்கிறது. மி என்பது ம, இகரக் குறி என்று இரண்டு, ழ் என்பது ழ, புள்ளி என்று இரண்டு, ஆக 5. எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. தமிழில் எழுதுகிற புத்தகம் இதை விரிவாகச் சொல்லாவிட்டால் வேறு எந்தப் புத்தகம் சொல்லும்? போகிற போக்கில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

அதனால் என் யோசனை, இரண்டு பாகமாகச் செய்யுங்கள். முன்னால் வேலைவாரியாகச் சின்னச் சின்னப் பாடங்கள், பின்னால் இப்போது இருக்கிற விளக்கப் பாடங்கள், வெட்டாமல் முழுதாக. முன்பாகத்தில் ஏன் என்ற கேள்வி எழுகிற இடத்தில் பின்பாகத்துக்கு ஒரு இணைப்பு, அங்கே படித்து முடித்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வர ஒரு இணைப்பு. அந்தத் திரும்புகிற இணைப்பை மறந்துவிடாதீர்கள், போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

மூலத்தறை:

இரண்டு பேரும் சொன்னதை வைத்து நேற்று ராத்திரி உட்கார்ந்து முதல் மூன்று பாடத்தை எழுதிப் பார்த்தேனுங்க. செங்கோட்டைக்காரர் சொன்ன இரண்டு பாகம் சரியாக வரும் போலத் தெரிகிறது.

முதல் பாடம்: காலை லிட்டர், மாலை லிட்டர், ஒரு பொத்தான், மொத்தம். காலை 4, மாலை 3 என்று போட்டால் மொத்தம் 43 என்று வரும். வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். பழைய புத்தகத்தில் தரவு வகைகள் என்று 13-ஆம் பாடத்தில் 11 பக்கம் எழுதியிருந்தேன், எண் வேறு எண் போலத் தெரிகிற எழுத்து வேறு என்று. வகுப்பில் ஒருத்தருக்கும் அது சுவாரசியப்பட்டதில்லை. 43 லிட்டர் கறக்கிற மாடு திரையில் வந்து நின்றால் இதைச் சரிபண்ணாமல் எந்தப் பிள்ளையும் தூங்கப் போகாது. அந்த இடத்தில்தான் 13-க்கு இணைப்பு வைத்திருக்கிறேன்.

எழுதும்போது கண்ணில் பட்ட இன்னொன்று: பழைய புத்தகத்தில் வியூபோர்ட் வரியே இல்லை, பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்கிற வரி அது. அன்றைக்கு எல்லாரும் செய்ததை மேசைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். இன்றைக்குச் செய்கிறவர் தன் போனில்தான் திறந்து பார்ப்பார். அந்த வரி இல்லாவிட்டால் போன் தன் திரையை 980 பிக்சல் அகலம் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தைச் சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு மாதிரி தெரியும். முதல் பாடத்திலேயே அதைச் சேர்த்துவிட்டேன்.

சேமிக்கிற பாடத்தையும் முழுதாக மாற்றி எழுத வேண்டும். படிவத்தில் வந்ததை அப்படியே, மைஎஸ்கியூஎல்லுக்குக் கட்டளை கொடுக்கிற எஸ்கியூஎல் வாக்கியத்தில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பை 24-ஆம் பாடத்தில் தனியாக வைத்திருந்தேன். 24 வரை வராதவர்கள் எல்லாரும் ஓட்டையோடு பக்கம் செய்திருப்பார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இனிமேல் முதல்முறை சேமிக்கும்போதே பிடிஓ, அதாவது பிஹெச்பியிலிருந்து மைஎஸ்கியூஎல்லைத் தொடுகிற புது வழி, அதில் மதிப்புக்கு இடம்விட்டு எழுதுகிற முறை மட்டும்தான். ஒட்டுகிற முறையைக் காட்டவே போவதில்லை.

களியக்காவிளை டிடிபி:

மூலத்தறை சார், வரிசை பற்றி நல்ல பேச்சு நடக்கிறது. கோப்பைப் பற்றி நான் சொல்கிறேன், 20 வருசம் பக்கம் கட்டிய கை இது.

2012-ல் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் அடித்தீர்களா? அப்படியானால் ஒரு ஆபத்து இருக்கிறது. பாமினியில் ஆங்கில விசைகளுக்கு மேல்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கிறது. "அம்மா" என்று வர எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று ஐந்து விசை அடிப்போம். புள்ளிக்கு செமிகோலன். கோப்பு முழுவதையும் ஒரே வீச்சில் யூனிகோடுக்கு மாற்றினால் மாற்றுகிற மென்பொருளுக்கு உரை எது நிரல் எது என்று தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் வரிக்கடைசியில் நிற்கிற ஒவ்வொரு செமிகோலனும் புள்ளியாகிவிடும், கட்டளைகள் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். நான் ஒரு கணக்குப் புத்தகத்தில் இப்படி மாட்டிக்கொண்டு 40 பக்கம் கையால் அடித்தேன். முதலில் நிரல் துண்டுகளைத் தனித்தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள், அந்த இடத்தில் எண் மட்டும் விடுங்கள், உரையை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் நிரலைத் திரும்ப ஒட்டுங்கள்.

இபப் என்பது உள்ளே பார்த்தால் ஒரு ஸிப் கோப்புதான். ஒவ்வொரு பாடமும் ஒரு எக்ஸ்ஹெச்டிஎம்எல் கோப்பு, எது முதலில் எது அடுத்தது என்பதை ஸ்பைன் என்ற ஒரு பட்டியல்தான் சொல்கிறது. அதனால் பாடத்தின் கோப்புப் பெயரில் எண் போடாதீர்கள். பாடம்05 என்று பெயர் வைத்து நாளைக்கு அது 2-ஆம் இடத்துக்குப் போனால் எல்லா இணைப்பும் குழம்பும். பால்மொத்தம், பால்சேமிப்பு என்று பொருளால் பெயர் வையுங்கள். வரிசை மாற வேண்டுமானால் பட்டியலில் ஒரு வரியைத் தூக்கி மேலே வைத்து, உள்ளடக்கப் பக்கத்திலும் அதே மாற்றத்தைச் செய்தால் போதும். பத்துமுறை மாற்றிப் பார்க்கலாம், அச்சில் அது முடியாத காரியம்.

"பக்கம் 84 பார்க்க", "எதிர்ப்பக்கப் படத்தில்", "மேலே உள்ள அட்டவணையில்" இதெல்லாம் எத்தனை இருக்கிறது என்று தேடி எண்ணிப் பாருங்கள். போனில் பக்க எண் ஆளுக்கு ஆள் மாறும், எழுத்தைப் பெரிதாக்கினால் அவருக்கே மாறும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி இணைப்பாக மாற்ற வேண்டும், குறுக்கு வழி இல்லை.

நிரல் வரியின் அகலத்தையும் பாருங்கள். அச்சில் 80 எழுத்து வரை விட்டிருப்பீர்கள், போனை நிமிர்த்திப் பிடித்தால் 35, 40-க்கு மேல் நிற்காது, மடிந்து அடுத்த வரிக்கு வரும். எது புது வரி எது மடிந்த வரி என்று புதியவருக்குத் தெரியாது. நீள வரிகளை நீங்களே அர்த்தமுள்ள இடத்தில் வெட்டுங்கள். துண்டும் ஒரு திரைக்குள் அடங்கட்டும், ஏனென்றால் பிள்ளைகள் போனைக் கீபோர்டு பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்து அடிப்பார்கள், தள்ளித் தள்ளிப் பார்த்தால் ஒரு வரி நிச்சயம் விட்டுப்போகும். இபப்புக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவிடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தரத்தில் இடம் இருக்கிறது, ஆனால் ஓட்டுவதா வேண்டாமா என்பது படிக்கிற செயலியின் இஷ்டம். அதை நம்பிப் பாடம் எழுதாதீர்கள்.

வேலந்தாவளம்:

சார், நான் உங்கள் சென்டரில் 2014-ல் படித்தவள், இப்போது பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்தப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது, அட்டை போய்விட்டது.

ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் முன்பாதியில் "செயற்கூறு" என்று எழுதியிருப்பீர்கள், 15-ஆம் பாடத்திலிருந்து "ஃபங்ஷன்" என்று வரும். "மாறி", "வேரியபிள்" இரண்டும் கலந்து வரும். வகுப்பில் நீங்கள் இரண்டையும் சொல்வீர்கள், அதனால் தெரியவில்லை. போனில் படிக்கிறவர் தேடல் பெட்டியில் அடித்துத்தான் தேடுவார். "ஃபங்ஷன்" என்று தேடினால் முன்பாதி முழுக்கக் கண்ணில் படாமலே போய்விடும். எதை வைத்தாலும் சரி, ஒன்றையே வையுங்கள். என் பள்ளியில் வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம் என்று இருக்கிற பிள்ளைகளுக்கு ஃபங்ஷன், வேரியபிள் என்றால் உடனே புரிகிறது, செயற்கூறு என்றால் இன்னொரு மொழி மாதிரி பார்க்கிறார்கள். முதல்முறை வரும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அப்புறம் ஒரே சொல்லில் போகலாம்.

கடைசியில் இருக்கிற சொல்லடைவையும் எடுத்துவிடாதீர்கள், எனக்கு மிகவும் உதவியது அதுதான். ஆனால் கம்ப்யூட்டரை விட்டு அடுக்கச் சொன்னால் கவனம் தேவை. யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடும், அப்படியே அடுக்கினால் "மனை" முன்னால் வந்து "மரம்" பின்னால் போகும். நம் அகராதி வரிசையில் ன கடைசி. ஜாவாஸ்கிரிப்ட்டில் அடுக்கும்போது மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் சரியாக வரும், எங்கள் பள்ளிப் பெயர்ப் பட்டியலில் செய்து பார்த்தேன். இதையே உங்கள் உறுப்பினர் பட்டியல் பாடத்தில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

நகரி தறி:

அக்கா சொன்ன தேடல் விஷயம் முழுக்க உண்மை. நான் "பங்சன்" என்று அடித்துத் தேடுவேன், கிடைக்காது. ஒரு சொல்லை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள் அண்ணா.

மூலத்தறை:

அம்மா, 2014 பேட்ச் என்றதும் சந்தோசமாக இருந்தது. ஃபங்ஷன், வேரியபிள் என்றே வைத்துவிடுகிறேன், சொற்பட்டியல் முதலிலேயே வரும். நோட்டில் உறுப்பினர் பெயர் வரிசை வருகிற பாடம் 8-ஆவதாக அமைகிறது, மனை மரம் உதாரணம் அங்கே போகும்.

டிடிபி சார் நினைத்தது சரிதான், அடித்தது பாமினியில்தான். முன்பு செய்த இபப்பில் நிரல் சரியாக இருந்ததற்குக் காரணம், அப்போது எல்லா நிரலையும் படமாக வெட்டி ஒட்டியிருந்தேன். எழுத்து மடங்கியது, நிரல் மடங்கவில்லை, நகலெடுக்கவும் முடியவில்லை. 6-ல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "பக்கம் பார்க்க" என்பதை எண்ணினேன், 137 இருக்கிறது.

ஃபிளாஷ், எக்ஸ்புளோரர் இரண்டையும் எடுத்தாயிற்று. விளக்கப் பாகத்தில் 13 பாடம் தேறும், முன்னால் வேலைவாரியாக 16 வரும் போல் இருக்கிறது. முதல் மூன்றை மட்டும் பழைய 11 பேரில் 4 பேருக்குப் போன வியாழக்கிழமை அனுப்பினேன். ஒரு பெண் அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தாள், மொத்தம் 7 என்று. கீழே அவளே இன்னொரு பெட்டி சேர்த்திருக்கிறாள், வீட்டுக்கு எடுத்து வைத்த பால் என்று, அதைக் கழித்து 6 லிட்டர். அந்தப் பெட்டி என் பாடத்தில் இல்லை. 4-ஆம் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முழு உள்ளடக்கப் பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், பார்த்துவிட்டு எது எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்க.